மௌனம் சம்மதமா?

கோயிலில் பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது நம்மவர் பேசிக்கொள்ளும் விடயங்களில், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளுக்கு அடுத்ததாக வருவது வீட்டுக்கு ‘எக்ஸ்ரென்சன்’ போடும் கதைதான். ஈஸ்ற்ஹாம், வோல்தம்ஸ்ரோ, ரூற்றிங் போன்ற இடங்களில் நாம் வாழும் வீடுகளில் பல, நூறு வருடங்களுக்கு முன்னர் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டவை. கீழே இருப்பறையும் சமையலறையும், மேலே படுக்கையறைகளும் குளியலறையும். வீட்டிலுள்ள முதியவருக்குப் படி ஏற முடியாத நாள் வந்ததும் கீழ்த்தளத்தைப் பின்வளவுக்குள் நீட்டுவது பற்றி யோசிக்கத் தொடங்குகிறோம்.

என் வீட்டிலும் அந்த நாள் வந்தது. அம்மாவின் முழங்கால் இனி மாடிப்படிக்கு உதவாது என்றாகிவிட்டது. அவருக்கு ஓர் அறையும் ஒரு குளியலறையும் கீழே வேண்டும். வரைபடம் கீறுபவர் வந்து பார்த்துவிட்டு, “ஆறு மீற்றர் தாராளமாய்ப் போடலாம். பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் சொல்லமாட்டா. அவ சத்தமில்லாத ஆள்” என்றார். இந்தக் கட்டுரை எழக் காரணம் அவருடைய அந்தக் கடைசி வசனம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் வரிசை வீடு ஒன்றின் ஆரம்பப் பின்சுவரிலிருந்து மூன்று மீற்றர் வரை, உயரம் முதலிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கவுன்சிலிடம் பிளானிங் அனுமதி கேட்காமலே ஒருமாடிக் கட்டடமாக நீட்டலாம். 2013 மே மாதத்தில் இந்த அளவை ஆறு மீற்றராக்கும் தற்காலிக ஏற்பாடு ஒன்று வந்தது. 2019இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு இது பொருந்தாது. மூன்று மீற்றருக்கு மேல் போக விரும்புபவர் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். கவுன்சில் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்களாவது கொடுக்கும். எவரும் ஆட்சேபிக்காவிட்டால், அயலவருக்கு ஏற்படும் பாதிப்பைக் கவுன்சில் ஆராய வேண்டியதில்லை. அதாவது இங்கே அயலவரின் மௌனம் சம்மதம்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1996இல் நிறைவேறி 1997 யூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ‘பார்ட்டி வோல்’ சட்டம் அது. இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் வேலை செய்வதென்றால் இரண்டு மாதங்களுக்கு முன்னரும், அயல் கட்டடத்துக்கு மூன்று மீற்றருக்குள் அதன் அத்திவாரத்திலும் ஆழமாக மண் வெட்டுவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்னரும் அயலவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர் 14 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அவருக்கு இணக்கம் இல்லை என்றே சட்டம் கொள்கிறது. உடனே ‘சேர்வேயர்’ நியமிக்கப்பட வேண்டும். அயலவர் விரும்பினால் தனக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவு வழக்கமாகக் கட்டுபவரின் தலையில்தான் விழும். ஆக, இங்கே மௌனம் மறுப்பு.

ஒரே வீடு, ஒரே சுவர், ஒரே அயலவர். அவர் வாய் திறக்காமல் இருந்தால் ஒரு சட்டம் ‘ஆம்’ என்று எழுதிக்கொள்கிறது, மற்றது ‘இல்லை’ என்று எழுதிக்கொள்கிறது. கணக்காளனாகிய எனக்கு இது விசித்திரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அத்திவாரம் இறங்கினாலோ சுவர் வெடித்தாலோ அது கண்ணால் காணக்கூடிய, காசால் அளக்கக்கூடிய நட்டம். அதற்குச் சட்டம் காவல் நிற்கிறது. வெளிச்சம் குறைவது அப்படியல்ல. இருபது வருடங்கள் தடையின்றி ஒரு யன்னலுக்கு வந்த வெளிச்சத்துக்கு 1832ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் உரிமை கொடுக்கிறதுதான். ஆனால் சாதாரண பாவனைக்குப் போதுமான வெளிச்சம் மிஞ்சினால் முறைப்பட இடமில்லை என்று 1904இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வளவில் விழும் வெயிலுக்கு அந்த உரிமையும் கிடையாது.

பக்கத்து வீட்டு மூதாட்டி தனியாக இருப்பவர். எமது வீடு அவருடைய வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு மாலை, காகிதத்தில் ஒரு சிறு கணக்குப் பார்த்தேன். மார்கழி மாதத்தின் மிகக் குறுகிய நாளில் இலண்டனில் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை அளவுதான் உயர்கிறது. மூன்று மீற்றர் உயரமான சுவரின் நிழல் அப்போது 11 மீற்றர் நீளும். அவருடைய வளவின் அகலம் ஐந்து மீற்றர். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் அதே உயரமான மதிலின் நிழல் இரண்டு மீற்றரைத் தாண்டாது. அங்கே மதில் நிழல் தரும். வெயிலுக்கு ஒதுங்குபவன் அதற்கு நன்றி சொல்வான். இங்கே அதே மதில் ஒருவருடைய பகலை எடுத்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணால் இங்குள்ள சுவரைப் பார்த்தால் இது தெரியாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர், “தம்பி, அந்த மனுசி காலமை தேத்தண்ணியோட அந்தப் பின் யன்னலடியிலதானே இருக்கிறவ” என்றார். எனக்கு அது தெரியாது. பதினொரு வருடங்களாகப் பக்கத்தில் இருக்கிறேன்.

எல்லையை மதிக்கத் தெரியாத சமூகமல்ல நமது. மதிக்காததன் விலையையும் நாம் அறிவோம். கதியால் வேலியை வருடாவருடம் அடைக்கும்போது ஒரு சாண் தள்ளி நட்டதற்காக, பேரப்பிள்ளைகள் காலம்வரை எல்லை வழக்குப் பேசிய குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமையில் காணி விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், அக்காணியை ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற வழக்கம் பதியப்பட்டிருக்கிறது. காணி என்னுடையதாயினும், அதில் நான் செய்வது அயலவனையும் தொடும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதே வேலியில் ஒரு பொட்டும் விட்டிருந்தோம். கறிச்சட்டி போய்வந்ததும், ஷெல் விழுந்த இரவுகளில் பக்கத்து வீட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியதும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான்.

மௌனத்தைப் பற்றி எழுதும்போது ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி, நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது நானும் சிறுவனாக நடந்தேன். தென்மராட்சியில், எம்மை முன்பின் அறியாத ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு மாதங்கள் இருந்தோம். கிடுகு கட்டி மறைத்தோம். அந்தக் கிடுகு அவர்களுடைய முன்னறைக்கு வரும் காற்றையும் வெளிச்சத்தையும் மறித்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சம்மதித்தார் என்று நாம் எடுத்துக்கொண்டோம். தெருவிலே மழைக்குள் நிற்கும் குடும்பத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா? இருக்கவில்லை. அது அவர் தந்த கொடை. அதைச் சம்மதம் என்று பெயரிட்டால் அந்தக் கொடை சிறுத்துவிடும்.

எனக்குப் பிடிபட்ட அளவுகோல் இதுதான். எதையும் இழக்காமல், எவர் முகமும் சுளிக்காமல் ஒருவரால் ‘இல்லை’ என்று சொல்ல முடியுமானால், அவருடைய ‘ஆம்’ உண்மையான ‘ஆம்’. ‘இல்லை’ சொல்ல வழியில்லாத இடத்தில் அவருடைய மௌனமும் கையெழுத்தும் சம்மதத்துக்கு ஈடாகா. “இது சும்மா ஒரு போம்தான், இதிலே ஒரு சைன் வையுங்கோ” என்று நம்மில் சிலர் அயலவரிடம் கடிதத்தை நீட்டுவதைக் கண்டிருக்கிறேன். சட்டம் அவருக்குக் கொடுத்த பாதுகாப்பை அவர் அறியாமலே வாங்கிவிடுவது அது.

இதற்கு நண்பர் ஒருவர் நியாயமான ஆட்சேபம் ஒன்று சொன்னார். “அவவுக்குக் கவலையில்லாத விடயத்துக்கு நீர் ஏன் கவலைப்படுகிறீர்? ஒரு வயதுவந்த மனிசிக்காக நீரே முடிவெடுப்பது அவவை மதிக்காததுதானே?” சரியான கேள்வி. அவருக்காக நான் முடிவெடுக்கக் கூடாது. அவர் முடிவெடுக்கக்கூடிய விதத்தில் கேட்பதுதான் என் கடமை.

முதலில் கேட்டபோது அவர், “அது உங்கள் வீடு, உங்கள் விருப்பம்” என்றார். அதோடு நின்றிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை எமது வளவில் மூங்கில் தடிகளை நட்டு, சுவர் எழும் உயரத்தில், ஊரில் மேசன்மார் செய்வது போல, நூல் கட்டினேன். அவருடைய யன்னலிலிருந்து பார்க்கச் சொன்னேன். மார்கழியில் நிழல் எவ்வளவு தூரம் வரும் என்பதை மறைக்காமல் சொன்னேன். தனக்கென ஒரு சேர்வேயரை எமது செலவில் வைக்கலாம் என்பதையும், மகளிடம் கேட்டுவிட்டு ஆறுதலாகப் பதில் சொல்லலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாட்களுக்குப் பின்னர் வந்து கதவைத் தட்டினார். யன்னலுக்கு நேரே உள்ள துண்டு மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கலாமா என்று கேட்டார். பூச்சட்டிகள் வைக்கும் மூலை அது.

ஆறு மீற்றர் நான்காயிற்று. கூரை அவருடைய பக்கம் சரிந்து தாழ்கிறது. அம்மாவின் அறையில் கட்டிலும் ஓர் அலுமாரியும் சுவாமிப் படமும்தான் கொள்ளும். குளியலறைக்கு இழுக்கும் கதவு. அம்மாவுக்கு அது போதும். எனக்குத்தான் சில நாட்கள் மனம் ஒப்பவில்லை. இத்தனைக்கும் பிறகு, மார்கழியில் அவருக்கு ஒரு மணித்தியால வெயில் குறைந்துதான் போகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் வரவு வந்தால் மறுபக்கம் யாருடைய பெயரிலோ அது எழுதப்பட்டே தீரும். என் வீட்டுக் கணக்கில் அந்த மணித்தியாலம் இன்னும் கடனாகத்தான் நிற்கிறது.

அடுத்த முறை வரைபடம் கீறுபவர் “அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்” என்று சொல்லும்போது, நம் அன்பர்கள் ஒருமுறை நூல் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். நாம் தஞ்சம் கேட்டு வந்தபோது நம்மைச் சகித்தவர்கள் பலர் பேசாமல் சகித்தவர்கள். அவர்களிடம் பேசிக் கேட்கும் முறை இப்போது நமக்கு வந்திருக்கிறது.