திருச்சாரணத்துமலையும் புனிதத்தின் உரிமையும்

ஒரு வழிபாட்டிடத்தின் புனிதம் அங்கு எழுந்தருளியுள்ள தெய்வத்தின் பெயரைச் சார்ந்ததா, பெயர் மாறினாலும் மாறாத வேறொன்றைச் சார்ந்ததா என்னும் வினாவை, கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரத்து மாணவர்கள் பழங்கட்டடக் கலையைக் காணும் நடைப்பயணமாகச் சிதறால் மலையேறும்போது நேரில் எதிர்கொள்கின்றனர். கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை எனப்படும் இங்கு, கவிந்து நிற்கும் பெரும்பாறையின் முகப்பில், பிறவியை வென்று பிறருக்கும் வழிகாட்டிய சமண அருகர்களாகிய தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. நாகம் குடையாகக் கவிந்த பார்சுவநாதரையும், சிங்கத்துடன் நிற்கும் அம்பிகை என்னும் இயக்கியையும் அங்கு எளிதில் இனங்காணலாம். அப்பாறையை அடுத்துக் கல்லால் எழுப்பப்பட்ட கோயில், 13ஆம் நூற்றாண்டளவில் பகவதி வழிபாட்டுக்கு உரியதாயிற்று.

இம்மாற்றத்தின் ஆழம் இரு வழிபாடுகளின் அடிப்படையை நோக்கினால் விளங்கும். வீடுபேறு அடைந்த தீர்த்தங்கரர் வேண்டுதலை ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை என்பதால், அவரை வணங்குவதன் பயன் வணங்குவோரின் உள்ளம் தூய்மையுறுவதேயாகும். பகவதியோ அடியவரின் குரலுக்குச் செவிசாய்த்து அருள்பவள். எனினும், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் இம்மலையின் பட்டாரியாருக்குப் பொன்னணி அளித்ததைக் குறிக்கிறது. குரத்தியார் என்போர் சமணப் பெண் ஆசிரியர். பட்டாரியார் என்பது தேவியைக் குறிக்கும் மதிப்புப் பெயர். உடைமை துறந்த நெறியில் நின்ற ஒருவர் தேவிக்குப் பொன் சாத்தினார் என்பதிலிருந்து, பகவதி இங்கு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே சமணத்தினுள் தாய்த்தெய்வ வழிபாடு வேரூன்றியிருந்தது புலனாகிறது. ஆகவே, இத்தலம் ஒரே நாளில் கைமாறிய உடைமையன்று. ஒரு வழிபாடு மற்றொன்றினுள் படிப்படியாகக் கலந்த இடம் எனக் கொள்வதே பொருந்தும்.

இதனை விளங்கிக்கொள்ளச் சமண மெய்யியலே துணை செய்கிறது. எப்பொருளும் பல இயல்புகளை உடையது என்றும், ஒரு கோணத்திலிருந்து கூறப்படும் கூற்று அக்கோணத்தளவிலேயே மெய் என்றும் கூறும் கொள்கை அநேகாந்தவாதம். ஒரு கோணத்தையே முழுமெய்யெனச் சாதிப்பது ஏகாந்தம் என்னும் பிழையாகும். எனவே, மலை எங்களுடையது மட்டுமே என்பவரும், தெய்வம் மாறியதால் புனிதம் வெறுங்கற்பனை என்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

ஆராயும் நோக்கு பக்தியைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் இம்மண்ணின் வரலாறு விடை தருகிறது. முன்சிறைப் பகுதியிலுள்ள பார்த்திபசேகரபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் திருமால் கோயிலை நிறுவியபோது, சட்டர் எனப்பட்ட 95 மாணவர்கள் பயிலும் சாலையையும், அதாவது உறைவிடக் கல்விக்கூடத்தையும், அதனோடு சேர்த்தே அமைத்தான். கோயில் எழுந்தபோதே கல்விக்கும் அங்கு இடம் வகுக்கப்பட்டதால், கேள்வியோடு கோயிலுக்குள் நுழையும் மாணவர் அந்நியர் அல்லர்.

புனிதம் என்பது ஒரு பெயருக்குள் அடங்குவதன்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் ஓரிடத்தில் செலுத்திய கவனமும் துறவும் கொடையும் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. அவ்வாறாயின், தமக்கு முன் அங்கு வணங்கியவரை மறவாதிருப்பது வரலாற்று மாணவரின் கடமை மட்டுமன்று, இன்று அங்கு கைகூப்புவோரின் வழிபாட்டிலும் ஒரு பகுதியாகும்.