ஊசி கொடுப்பது பாவமா?

போன மாதம் ஒரு ராத்திரி, மணி ஒன்பதரை இருக்கும். எங்கள் தெரு முனையில் இருக்கிற மெடிக்கல் ஷாப்பில் பி.பி. மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன். இருபது, இருபத்திரண்டு வயசுதான். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

“அண்ணே, சிரிஞ்ச் ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “யாருக்கு? சீட்டு இருக்கா?”

பையன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்த கசங்கின ஐம்பது ரூபாயை எடுத்துக் காட்டினான். “அதெல்லாம் கிடையாது, கிளம்பு” என்றார் கடைக்காரர். அவன் ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டு இருட்டுக்குள் போய்விட்டான்.

என்னிடம் திரும்பி, “வலி மாத்திரையைக் கரைச்சு நரம்புல ஏத்திக்கிறானுங்க சார். நம்ம கையால ஊசியைக் குடுத்து, அந்தப் பாவம் நமக்கெதுக்கு?” என்றார்.

“கரெக்ட்டுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்த ‘கரெக்ட்’ என்னை உறுத்த ஆரம்பித்தது. காரணம், கடல் கடந்து இருக்கிற ஒரு சின்ன ஊர்.

அந்த ஊரின் பெயர் ஆஸ்டின். நம்ம வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற டெக்ஸாஸ் ஆஸ்டின் இல்லை. இது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஸ்காட் கவுண்டி என்கிற சின்ன மாவட்டத்தில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 4,200. நம்மூர் அளவில் ஒரு நடுத்தரப் பஞ்சாயத்து. ஏறக்குறைய எல்லோரும் வெள்ளைக்காரர்கள். மாவட்டம் முழுவதையும் சேர்த்தால் சுமார் 24,000 பேர். அதில் நூற்றுக்கு 19 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 21 பேர் பள்ளிக்கூடத்தை முடிக்காதவர்கள். ஆயுள், ஆரோக்கியம் எதில் பார்த்தாலும் மாநிலத்தின் கடைசி வரிசையில் வருகிற மாவட்டம். ஆஸ்டினில் டாக்டர் என்று சொல்லிக்கொள்ள இருந்தவர் ஒரே ஒருவர், வில்லியம் குக். மாவட்டத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்துவந்த ஒரே கிளினிக்கும் 2013இல் மூடப்பட்டது.

எச்.ஐ.வி. இந்த ஊருக்கு ஒரு பிரச்னையாகவே இருந்ததில்லை. மாவட்டம் முழுக்க வருஷத்துக்கு ஐந்து பேருக்குக்கூடப் புதிதாக வந்ததில்லை. 2014 நவம்பரில் இருந்து ஒரு வருஷத்துக்குள் அதே இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 181 பேர். அப்புறம் அந்த எண்ணிக்கை 200ஐயும் தாண்டியது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, ஈரலை மெல்ல மெல்ல அரிக்கிற ஹெபடைடிஸ்-சி கிருமியும் சேர்ந்தே இருந்தது.

எப்படி வந்தது? ஒரு வலி மாத்திரையில் இருந்து.

ஆக்ஸிமார்ஃபோன் என்பது மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. ‘ஓபானா’ என்ற பெயரில் விற்றது. டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த மாத்திரைதான். சிலர் அதை நசுக்கிப் பொடியாக்கி மூக்கில் உறிஞ்சினார்கள். அதைத் தடுக்க 2012இல் கம்பெனி ஒரு காரியம் செய்தது. நசுக்கவே முடியாதபடி மாத்திரையை இறுக்கமாகச் செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் போதைக்கு அடிமையானவனின் மூளை கம்பெனி விஞ்ஞானியின் மூளையைவிட வேகமாக வேலை செய்யும். ‘நசுக்கினால்தானே முடியாது, கரைத்துப் பார்ப்போம்’ என்று கிளம்பினார்கள். மூக்கில் போனது நரம்பில் போக ஆரம்பித்தது. கடைசியில் 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்டுக்கொண்டு, அந்த மாத்திரை சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது. அதற்குள் ஆஸ்டின் போன இடத்துக்குப் போய்விட்டது.

கள்ளச் சந்தையில் ஒரு மாத்திரை நூறு டாலருக்கு மேல். தனியாக வாங்கக் கட்டாது. நம்ம ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ‘கட்டிங்’ போடுவதுபோல அங்கே மாத்திரையைப் பங்கு போட்டார்கள். மாத்திரையோடு ஊசியும் பங்கானது. இந்த மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும். இறங்கினால் உடம்பு முறுக்கும், வாந்தி, நடுக்கம். அதனால் ஒரே நாளில் நாலு தடவை தொடங்கிப் பதினைந்து தடவைவரை ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து ஆறு பேர்வரை கூட இருந்தார்கள். விசாரிக்கப் போன சுகாதார அதிகாரிகள் குறித்து வைத்திருக்கிற ஒரு விவரம்தான் என்னைத் தூங்கவிடாதது. சில வீடுகளில் மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டி, அம்மா, பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் பார்க்க வேண்டிய வரிசை அது.

சரி, ஆளுக்கொரு புது ஊசி வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? சில ரூபாய் சமாசாரம் ஆயிற்றே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சட்டம் நின்றது. போதைக்காக ஊசி வைத்திருந்தாலே இண்டியானாவில் அது பெரிய குற்றம், ஜெயில். ஆகவே கையில் இருக்கிற ஒரே ஊசியை ஒளித்து வைத்து, மழுங்குகிறவரை குத்தினார்கள். மழுங்கின ஊசி நரம்பைக் கிழிக்கும். சீழ் வைக்கும். அழுக்கு ரத்தத்தில் கலந்து இதயத்தின் வால்வுவரை போய் உட்கார்ந்துகொள்ளும். கூடவே அடுத்தவனின் கிருமியும்.

இப்போது கேள்விக்கு வருவோம். ‘பழைய ஊசியைக் கொண்டு வா, புது ஊசியை வாங்கிக்கொண்டு போ’ என்று ஒரு திட்டம் உண்டு. 1984இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்தது. அதைக் கேட்டவர்கள், போதைக்கு அடிமையானவர்களே சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் என்பது ஆச்சரியம். ஆஸ்டினிலும் இதைச் செய்யலாமே என்று டாக்டர்கள் சொன்னார்கள். மாநில கவர்னராக இருந்தவர் மைக் பென்ஸ், பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனவர். மத நம்பிக்கை அழுத்தமானவர். ஊசி கொடுப்பதைக் கொள்கையாகவே எதிர்த்துவந்தவர். நோய் பரவுகிறது என்று தெரிந்தும் அவர் உடனே சம்மதிக்கவில்லை. 2015 மார்ச் 26 அன்று அவசரநிலை அறிவித்து, தற்காலிகமாக முப்பது நாளைக்கு அனுமதி கொடுத்தார். பிறகு அது நீடித்தது, சட்டமும் ஆனது. ஊசி கிடைத்தது, பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. புதிய தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. சீக்கிரம் விழித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

கதை இங்கே சுபம் என்று முடியவில்லை. 2021 ஜூனில் அந்த மாவட்ட நிர்வாகக் குழுவின் மூன்று உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. ஊசித் திட்டத்தை நிறுத்திவிடுவது என்று முடிவானது. ‘குடிகாரனுக்கு நானே பாட்டில் வாங்கிக் கொடுப்பேனா?’ என்பதுதான் அங்கே வைக்கப்பட்ட வாதத்தின் சாரம்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதும் அதேதானே சார்?

இந்த வாதத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. தன் கையால் கொடுத்த ஊசியில் ஒருவன் அளவு மீறி ஏற்றிக்கொண்டு செத்துப்போனால் அந்தக் கை நடுங்கத்தான் செய்யும். தப்புக்குத் துணைபோகக் கூடாது என்று நம்ம அம்மாக்கள் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். ஜெர்மனியில் இமானுவேல் கான்ட் என்ற தத்துவ மேதை, விளைவு என்னவானாலும் கடமை கடமைதான் என்று வாதாடினார். விளைவை வைத்துத்தான் எதையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியும் என்று இங்கிலாந்தில் பெந்தாம் கட்சி கட்டினார். இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் பஞ்சாயத்து தீரவில்லை. நாம் தீர்க்கப்போவதில்லை.

ஆனால் அந்தப் பாட்டில் உவமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. கொஞ்சம் கூடவே வாருங்கள்.

குடிகாரனுக்கு நான் பாட்டில் கொடுக்காவிட்டால், என்னைப் பொறுத்தவரை அவனுக்கு ஒரு பாட்டில் குறைகிறது. போதைக்காரனுக்கு நான் ஊசி கொடுக்காவிட்டால் எது குறைகிறது? மருந்து குறையவில்லை. அது ஏற்கெனவே அவன் பாக்கெட்டில் இருக்கிறது. ராத்திரிக்குள் அது நரம்பில் ஏறத்தான் போகிறது. குறைகிறது சுத்தம் மட்டும்தான். ஊசி என்பது சாராயம் இல்லை, டம்ளர். நாம் மறுப்பது கழுவிய டம்ளரை.

‘டம்ளர் சுலபமாகக் கிடைத்தால் குடிக்கிறவன் அதிகமாகிவிட மாட்டானா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பல நாடுகளில் இதைத் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டார்கள். அதிகமாகவில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது: இந்தத் திட்டங்கள் இருக்கிற இடத்தில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ்-சியும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றன. புதிதாக அங்கே வருகிறவர்கள் போதை சிகிச்சையில் சேருவதற்கான வாய்ப்பும், வராதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம். யோசித்துப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஊசி வாங்க வருகிறவன் வாரா வாரம் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்க்கிறான். “சாப்பிட்டியாப்பா? கையில என்ன புண்ணு?” என்று ஒருத்தி கேட்கிறாள். அவனைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே இடம் அது. விட வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால், கால் அங்கேதான் போகும்.

இன்னொன்றும் உண்டு. நான் மறுக்கும்போது என் கை சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? அவன் மட்டும் என்றால்கூட, ‘செய்த வினை’ என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளை எந்த மாத்திரையை நசுக்கியது?

நமக்கு இது புதுசும் இல்லை. 1986இல் இதே சென்னையில், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அப்போது நம்மில் பலர் சொன்னது என்ன? ‘ஒழுங்காக இருக்கிறவனுக்கு இதெல்லாம் வராது’ என்று. ஒழுங்காக இருந்த எத்தனை மனைவிமார் அந்த வாக்கியத்துக்கு விலை கொடுத்தார்கள் என்று ஊரில் விசாரித்துப் பாருங்கள். ஆணுறை கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்றும் சொன்னோம். பிறகு அதைத்தான் கொடுத்தோம். இன்று இந்தியாவில் அரசாங்கத்தின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே சுத்தமான ஊசி கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. எங்கள் தெருக் கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் சமீபத்தில்தான் தெரியும்.

அதற்காக, நாளைக்கே மெடிக்கல் ஷாப்களில் கேட்கிறவனுக்கெல்லாம் ஊசியை வாரிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊசியை மட்டும் கொடுத்து அனுப்பினால் அதுவும் ஒருவகைக் கைகழுவல்தான். ஊசியோடு பரிசோதனை வேண்டும், சிகிச்சைக்கு வழி சொல்கிற ஆள் வேண்டும். ஆஸ்டினில் நோயை மடக்கியது இந்த மூன்றும் சேர்ந்துதான். நான் சொல்வது இன்னும் சின்ன விஷயம். ‘இல்லை, கிளம்பு’ என்று சொல்வதால் ஒரு தப்பைத் தடுத்துவிட்டோம் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். பல சமயம் நாம் தப்பைத் தடுப்பதில்லை. நம் கண்ணுக்கு எட்டாத இருட்டுக்கு அதை அனுப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு முன் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். ஆஸ்டின் கதையைச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரி சார். அடுத்த தடவை அவன் வந்தா நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பிறகு, சிகிச்சை கிடைக்கிற இடங்களின் விவரத்தைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தேன். “கிளம்புன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைக் குடுங்க. பேரைக் கேளுங்க” என்றேன். கல்லாவுக்கு மேலே கண்ணாடிக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறார்.

அந்தப் பையன் இன்னும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி யாருடைய ஊசியை வாங்கிக்கொண்டானோ, தெரியாது.