கேளாத கை

 

பெருநாள் தொழுகைக்கு முன்பே பித்ராவைக் கொடுத்துவிட வேண்டும். கிள்ளானில் உள்ளோர் சிலாங்கூர் ஆமிலிடமும், பிரிக்பீல்ட்ஸில் உள்ளோர் கூட்டரசுப் பிரதேச ஆமிலிடமும் செலுத்தி ரசீது பெறுகிறோம். அத்துடன் கடமை தீர்ந்ததா? ஸதகா மிச்சமிருக்கிறதே!

மஸ்ஜித் இந்தியா வாசலில் நீளும் கைக்குக் காசு கொடுப்பது எளிது. மானத்துக்கு அஞ்சி நீளாத கையை நாம்தான் தேடிப் போக வேண்டும். அத்தகைய ஏழைகளைத் திருக்குர்ஆன் 2-ஆம் அத்தியாயம் 273-ஆம் வசனம் நினைவூட்டுகிறது. பக்கத்து வீட்டு விதவை கேட்கமாட்டார்; கடன்பட்ட உறவினர் சொல்லமாட்டார். உறவினருக்கு ஈவதில் தர்மத்தின் நன்மையும், உறவைப் பேணிய நன்மையும் உண்டென்பது நபிமொழி.

கடைசி இரவுவரை காத்திராதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் பெருநாள் சட்டை தைக்க நாள் வேண்டுமல்லவா? பிறர் அறியாமல் இன்றே கொடுங்கள். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.