விலகியவனின் கடன்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் காலை வேளையில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே, ஊர் ஊராகப் பிள்ளைகளைச் சேகரித்துக்கொண்டு டவுனுக்குப் போகின்றன. வழியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைத் தாண்டித்தான் போகின்றன. அங்கே கட்டணம் கிடையாது. புத்தகம், சீருடை, மதியச் சோறு உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து காலைச் சிற்றுண்டியும் உண்டு. ஆசிரியர் முறையான பயிற்சி பெற்றவர். சிறிய நர்சரிப் பள்ளி ஆசிரியை கனவிலும் காணாத சம்பளம் வாங்குகிறவர். இருந்தும் வேன் நிற்பதில்லை.

பாடத்திட்டம் இதற்குக் காரணமாக முடியாது. சமச்சீர்க் கல்வி வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் பொதுவாகிவிட்டது. ஆங்கிலம் என்றால், 2012-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. அப்படியானால் பெற்றோர் காசு கொடுத்து வாங்குவது என்ன?

இரண்டு விஷயங்கள் என்று தோன்றுகிறது. ஒன்று, பக்கத்தில் உட்காரப்போகிற பிள்ளை யார் என்ற நிர்ணயம். ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்கிற இடம் தொடக்கப் பள்ளி ஒன்றுதான். கட்டணம் அந்தப் பெஞ்சைச் சத்தமில்லாமல் பிரித்துவிடுகிறது; யாரும் வாய்விட்டு ஜாதியைச் சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை. மற்றொன்று, கேள்வி கேட்கலாம் என்ற உணர்வு. பணம் கட்டியவன் அதட்டிக் கேட்கிறான். இலவசமாகப் பெறுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

இந்த இரண்டாவது உணர்வு ஒரு மயக்கம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்த நிபந்தனை கிடையாது. அங்கே தகப்பனுக்கு எஞ்சியிருக்கும் நிஜமான உரிமை டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், சீர்கெடும் ஸ்தாபனத்தில் இருப்பவனுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்: விலகிப் போவது, அல்லது இருந்து குரல் எழுப்புவது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் பள்ளிக்கூடமும் ஒன்று. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவன்தான் முதலில் விலகுகிறான். ஆகவே, சண்டை போடக்கூடிய ஆட்களை எல்லோருக்கும் முன்பாகப் பள்ளி இழந்துவிடுகிறது. மிச்சமிருப்பவர்கள் கூலி வேலையை விட்டுக் குழுக் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள். சட்டம் போட்டுவைத்த நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து பேசக்கூடியவன் வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கைகாட்டிக்கொண்டிருக்கிறான். அரசு ஊழியனும், பல வேளை அரசுப் பள்ளி ஆசிரியனும்கூட, அவர்களில் உண்டு. அதே சட்டம் தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்கான கட்டணத்தை அரசின் தலையில் வைத்தது. இடம் கிடைத்த பிள்ளைக்கு இது நியாயமே. ஆனால் மனுப் போடத் தெரிந்த தாயைத்தான் அது பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. விலகலுக்கு அரசே வழிச்செலவு தருகிறது.

2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகள் அரசு நடத்தும் தொடக்கப் பள்ளிகளில் படிப்பதை உறுதி செய்யுமாறு உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. கட்டாயத்தால் அறம் பிறக்காது என்று இதை மறுத்துவிடலாம். அதன் தர்க்கம் வேறு: ஒழுகுகிற கூரை தன் பிள்ளை தலையில் சொட்டினால்தான் அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும் என்பது.

ஆனாலும் எல்லோரையும் இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. மக்காச்சோளம் விற்ற பணத்திலும், வளைகுடா நாட்டுக் கூலியிலும் ஃபீஸ் கட்டுகிறவனிடம் பட்டணத்து முற்போக்குக்காரன் சமத்துவ உபதேசம் செய்வது அசிங்கம். பிள்ளைக்கு ஒரு முறைதான் ஆறு வயது. தகப்பனின் கொள்கையை நிரூபித்துக் காட்டும் கருவியாக அதை ஆக்குவது ஒருவகை வன்முறை.

எனவே விலகுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். விலகியதோடு உறவு தீர்ந்தது என்று நினைப்பதில்தான் கோளாறு. நாம் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனதால் அந்தப் பள்ளி பலவீனப்பட்டிருக்கிறது. அங்கே மிஞ்சியிருக்கும் பிள்ளை தான் செய்யாத ஒரு தேர்வின் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதைக் குற்றம் என்பதைவிடக் கடன் என்பது பொருந்தும். குற்றவுணர்வை ஒரு பெருமூச்சில் கரைத்துவிடலாம். கடனைத் திருப்பித்தான் ஆகவேண்டும்.

திருப்ப வழியும் இருக்கிறது. கிராம சபையில் வாய் திறக்க, அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை; ஊரில் வாக்காளனாக இருந்தால் போதும். ஆசிரியர் பணியிடம் ஏன் காலி, கழிப்பறையில் ஏன் தண்ணீர் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்கலாம். தன் பிள்ளைக்காகக் கேட்பது பாசம். அது மாட்டுக்கும் உண்டு. நம்மிடம் பொதுவாழ்வு என்று ஒன்று இருக்கிறதா என்பது அடுத்தவன் பிள்ளைக்காகக் கேட்கும்போதுதான் தெரியவரும்.