பள்ளிக்கூடத்தின் மீது கதைகள் தொடுத்த வழக்கு

தமிழில் பள்ளிக்கூடத்தைக் குற்றம் சாட்டும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கேள்வி கேட்ட பிள்ளையை அடிக்கும் ஆசிரியர், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத இளைஞன், படித்த படிப்புக்கு மதிப்பில்லாத நகரத்தில் நொந்து அலைபவன் ஆகியோர் நாவல்களிலும் திரைப்படங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இவர்களுடைய கோபத்தை மக்கள் தங்கள் கோபமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கே அறம் சார்ந்த ஒரு கேள்வி எழுகிறது. பள்ளியால் எழுத்தறிந்த சமூகம் பள்ளியைப் பழிக்கும் கதையைக் கொண்டாடுவது நன்றி கொன்ற செயலா? அல்லது அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டா?

இந்தக் கேள்வியை நெய்யூரில் நின்று கேட்டால் அதன் கனம் முழுதாகத் தெரியும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் பகுதியில் உள்ள இந்தச் சிற்றூருக்கு 1828இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் குடிவந்தார். 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். இந்த ஊர் அன்று இருந்த தெற்குத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை அணிவதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு அதற்கு இறங்கி வந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. அந்தக் காலத்தில் பனையேறியின் பிள்ளைக்குச் சிலேட்டும் பலப்பமும் கொடுத்த மிஷன் பள்ளிக்கூடம் வெறும் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று சொன்ன முதல் இடம் அதுவே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டம் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டின் முதலிடத்தில் நின்றதன் வேர் இந்த வரலாற்றில் இருக்கிறது.

ஆகவே இம்மண்ணின் முதியவர் ஒருவர், “பள்ளிக்கூடம் இல்லையென்றால் நாம் எங்கே இருந்திருப்போம்?” என்று கேட்டால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பள்ளியோடு வழக்காடும் கதைகள் பலவும் இதே மண்ணில் பிறந்தவை. அந்த வழக்குகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழக்கு, மூடிய கதவின் மீது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வெளிவந்தது. அதன் நாயகி லிஸி, வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். குடும்பப் பெருமை என்ற பெயரில் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். அவள் ஏக்கமெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல்தான். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலானது. அந்தக் கடற்கரை ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை ஊர்ப் பெரியதனம் எதிர்க்கிறது. பிள்ளைகள் படித்துவிட்டால் தன் சொல் செல்லாது என்று அதிகாரம் அஞ்சுகிறது. இவ்விரு நாவல்களும் பள்ளியின் பக்கம் நிற்கின்றன. அவற்றின் கோபம் பள்ளியைத் தடுத்தவர்கள் மீது.

இரண்டாவது வழக்கு, கதவைத் தாண்டி உள்ளே போய்ப் பட்டத்தோடு வெளியே வந்தவனுடையது. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வந்த நாவல். அதில் ஏழைக் குடும்பத்துப் பட்டதாரி ஒருவன் வேலை கிடைக்காமல் தவிக்கிறான். வசதியான வீட்டுப் பெண்ணை மணந்தால் வேலைக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையில் மணக்கிறான். பிறகு மாமனார் வீட்டில் தன்மானம் தேய வாழ்கிறான். 2002இல் தங்கர் பச்சான் இதைச் ‘சொல்ல மறந்த கதை’ என்ற படமாக்கினார். இங்கே குற்றம் வகுப்பறையில் இல்லை. படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்த சமூகம், பட்டத்தைக் கல்யாணச் சந்தையில் விலைபேசும் பொருளாக்கிவிட்டது. கொடுத்த வாக்கை மீறிய குற்றம் அது.

மூன்றாவது வழக்கே மிகக் கடுமையானது. அது வகுப்பறைக்குள் நடக்கிறது. ஆயிஷா இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவல் தமிழ்நாட்டு ஆசிரியர்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. அதில் அறிவுத் தாகம் கொண்ட மாணவி ஒருத்தி காந்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறாள். பாடநூலுக்கு வெளியே படிக்கிறாள். அதற்காக அடிபடுகிறாள். அடி வலிக்காமல் இருக்க உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தேடி, தன் உடலிலேயே சோதித்து, இறந்துபோகிறாள். குழந்தைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடைசெய்த கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கதை அந்தக் குற்றத்தைத் தமிழ் வாசகர் முன் வைத்துவிட்டது.

இனி மறுதரப்பைக் கேட்கலாம். ஆசிரியரை வில்லனாக்கும் கதையைக் கண்டு வளரும் பிள்ளை, தன் ஆசிரியரையும் அந்தக் கண்ணால் பார்க்காதா? முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்குப் பள்ளி ஒரு சிறை என்று சொல்லித்தருவது பொறுப்பான செயலா? படிப்பை உதறினாலும் வெற்றி பெறலாம் என்ற கனவு, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சோதனை முயற்சி. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் பிள்ளைக்கோ அது வாழ்நாள் இழப்பு. இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. பள்ளியின் மேலுள்ள வெறுப்பை எல்லோருக்கும் ஒரே அளவில் பரிமாறும் கதை, பாதிப்பையும் ஒரே அளவில் பரிமாறுவதில்லை.

ஆனாலும் இந்த அச்சத்தைக் காட்டி கதைகளின் வாயை அடைப்பது அறமாகாது. நன்றி என்பது தவற்றைச் சொல்லாமல் இருப்பதன்று. லிஸிக்குக் கிடைக்காமல் போன பள்ளிக்கூடம் ஆயிஷாவுக்குக் கிடைத்தது. கிடைத்த பள்ளி அவளைக் கொன்றது என்றால், அதைச் சொல்வதே லிஸியின் ஏக்கத்துக்குச் செய்யும் மரியாதை. பள்ளிக்காக ஏங்கிய தலைமுறை கேட்டது நான்கு சுவர்களை மட்டுமல்ல. மனிதராக மதிக்கப்படும் ஓர் இடத்தையும் சேர்த்தே கேட்டது. அந்த மதிப்பு இல்லாத பள்ளியைக் கண்டிக்கும் கதை, முன்னோரின் கோரிக்கையைத்தான் தொடர்ந்து எழுப்புகிறது.

ஆகவே கதைக்குக் கோபப்படும் உரிமை உண்டு. அந்தக் கோபம் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் அறச்சோதனை இருக்கிறது.

வெகுஜனத் திரைப்படங்களைப் பார்ப்போம். 2012இல் வந்த ‘சாட்டை’யில் சீர்கெட்ட அரசுப் பள்ளியை ஒரு நல்லாசிரியர் வந்து மாற்றுகிறார். அதே ஆண்டில் வந்த ‘நண்பன்’ மனப்பாடப் படிப்பையும் இரக்கமற்ற கல்லூரி முதல்வரையும் சாடியது. இவை லட்சக்கணக்கானோரிடம் ஒரு நல்ல கேள்வியைக் கொண்டுசேர்த்தன. அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் தீமை முழுவதும் ஒரு மனிதர் மேல் சுமத்தப்படும்போது பார்வையாளர் குற்றமற்றவராக எழுந்து வீட்டுக்குப் போகிறார். முதல்வரைக் கண்டு கொதித்த அதே தகப்பனுக்கு, மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி டியூஷனுக்கு அனுப்புவதில் எந்த முரணும் தெரிவதில்லை. 2007இல் ராம் இயக்கிய ‘கற்றது தமிழ்’ வேறொரு எல்லையைத் தொடுகிறது. தமிழ் படித்தவனின் அவமானம் அதில் உண்மையானது. அவன் வெறி அறிமுகமில்லாத மனிதர்களின் உயிரைக் குடிக்கும்போது, அவனுடைய வலியைப் புரிந்துகொள்வதும் அவன் செயலை ஏற்றுக்கொள்வதும் வேறுவேறு என்பதைப் பார்வையாளரே விழிப்போடு பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

‘ஆயிஷா’ ஏன் இவற்றிலிருந்து வேறுபடுகிறது? அந்தக் கதையைச் சொல்பவர் ஓர் ஆசிரியை. அவர் அந்த மாணவியை நேசித்தவர்; அவளைக் காப்பாற்ற முடியாமல் போனவர். குற்றத்தில் தமக்குள்ள பங்கை அவர் மறைப்பதில்லை. அதனால் படிக்கும் ஆசிரியர் தம் வகுப்பை நினைக்கிறார், படிக்கும் பெற்றோர் தம் வீட்டை நினைக்கிறார்கள். ஜப்பானில் 1981இல் தெத்சுகோ குரோயநாகி எழுதிய ‘டோட்டோ-சான்’ தமிழிலும் விரும்பிப் படிக்கப்படுகிறது. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமிக்கு இன்னொரு பள்ளி இடம் கொடுக்கிறது. அதன் தலைமையாசிரியர் அவள் பேச்சை மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்கிறார். முதல் பள்ளியைப் பழித்துப் பக்கங்களை நிரப்பாமல், நல்ல பள்ளி எப்படி இருக்கும் என்பதை அந்த நூல் காட்டுகிறது. இரண்டு நூல்களும் வாசகரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கின்றன.

பள்ளியைக் குற்றம் சாட்டும் கதையை எடைபோட இதுவே நேர்மையான அளவுகோல். தன் வாசகரை விடுவித்து, எங்கோ இருக்கும் ஒருவரை மட்டும் தண்டிக்கும் கதை ஆறுதல் தரலாம், நீதி தராது. வாசகரையும் பொறுப்பாளியாக்கும் கதை கசக்கும். ஆனால் அடுத்த பிள்ளைக்கு அது பயன்படும்.

எழுதுபவருக்குச் சொல்லும் அளவுகோல் வாசிப்பவருக்கும் பொருந்தும். குமரி மாவட்டத்தில் இன்று பள்ளிக் கதவு எந்தச் சாதிக்கும் மூடியிருக்கவில்லை. ஆனால் மதிப்பெண்ணே பிள்ளையின் பெயராகிவிட்ட வீடுகள் ஏராளம். நீட் தேர்வில் ஒருமுறை தவறினால் பிள்ளை உறவினர் முகத்தில் விழிக்கக் கூசுகிறது. இந்த வீடுகளில் ‘ஆயிஷா’வைப் படித்துக் கண்ணீர் விடுவது மட்டும் போதாது. பிள்ளை கேட்கும் கேள்விக்கு நேரம் ஒதுக்குவதும், தோற்று வந்த நாளில் அதன் அருகில் உட்கார்ந்து சேர்ந்து உண்பதும், அடிக்கும் ஆசிரியரைத் தட்டிக்கேட்பதும், அக்கறையோடு கற்பிக்கும் ஆசிரியருக்குத் துணைநிற்பதும் வாசித்தவரின் கடமை. இந்தக் கடமையை ஏற்பவருக்கே பள்ளிக்கூடத்தின் மேல் கோபப்படும் உரிமை முழுமையாக உண்டு.