பாதத்தின் பெயரால்

பொய்யென்று அறிந்தே பொய்யை விற்பவனுக்குப் பெயர் சூட்டுவதில் நமக்குத் தொல்லை இல்லை. புரட்டன் என்போம், சட்டமும் அவ்வாறே சொல்லும். ஆனால், தான் விற்பது மெய்யாகவே நோய் தீர்க்கும் பொருள் என்று மனமார நம்பி, அந்த நம்பிக்கையைக் காட்டியே பிறர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பயனற்றதைக் கையில் கொடுத்தனுப்புகிறானே ஒருவன், அவனை என்னவென்று அழைப்பது? ஏமாற்றுபவன் என்றால், "நானுமல்லவா இதை அணிந்திருக்கிறேன்!" என்று காலைத் தூக்கிக் காட்டுகிறான். ஏமாந்தவன் என்றாலோ, பணம் அவன் பெட்டியில் அன்றோ இருக்கிறது!

காலைத் தூக்கிக் காட்டுகிறான் என்று நாம் எழுதியது அணிக்காக அன்று. கால் பற்றிய வழக்கே இது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் 'ஆர்த்தாட்டிக்ஸ்' எனும் பாதத்தாங்கிகள் பெருவாரியாக விற்கப்படுகின்றன. காலணிக்குள் செருகிக்கொண்டால் உள்ளங்காலின் வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் அட்டை அது. பாத மருத்துவம் பயின்றோர், நோய் கண்டு, தேவை கண்டு கொடுப்பதுண்டு. அதில் நமக்கு வழக்கில்லை. நாம் பேச வந்தது கைரோபிராக்டர்களைப் பற்றி. முதுகெலும்பைக் கையால் அழுத்தி நெட்டி எடுப்பது அவர்தம் தொழில். 1895-ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் செய்துவந்த டி. டி. பாமர் என்பார் தொடங்கிய முறை. இன்று உரிமம் பெற்ற தொழில்தான். முதுகுவலிக்குச் சென்று ஆறுதல் பெற்றோரும் உளர். ஆனால் அவர்களிற் பலர், முதுகைக் காட்ட வந்தவரின் காலைப் பிடித்துக்கொள்கின்றனர்! பாதத்தாங்கி ஒரு சோடி, விலை நூற்றுக்கணக்கான டாலர்.

எப்படி விற்கின்றனர்? முதலில் ஓர் உவமை வருகிறது. பாதமே உடலின் அடித்தளம். அடித்தளம் கோணினால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் கழுத்து நோகும், தலை வலிக்கும் என்று அடுக்குவார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் வீட்டின் அடித்தளம் கல். கால் கல் அன்று. எலும்பும் தசையும் நரம்பும் கூடி, ஒவ்வோர் அடிக்கும் தரையை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் உறுப்பு. உவமையை ஆதாரமென்று கொள்வது நம் புராணிகர்களுக்குப் பழகிப்போன வித்தை. வெள்ளை அங்கி அணிந்தவருக்கும் அது கைவந்திருக்கிறது.

அடுத்து, கருவி. பாதத்தை ஒரு தட்டின்மீது வைக்கச் சொல்கின்றனர். கணினித் திரையில் குதிகாலும் முன்பாதமும் செக்கச் சிவந்து தெரிகின்றன. "பார்த்தீர்களா அழுத்தத்தை!" என்கின்றனர். வந்தவர் அஞ்சுகிறார். நிற்கும் மனிதனின் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் இறங்காமல் வேறெங்கே இறங்கும்? ஓட்டப்பந்தய வீரன் நின்றாலும் அங்கே அழுத்தம் மிகுந்துதான் தெரியும். ஊன்றுகோல் கிழவர் நின்றாலும் அப்படியே.

மூன்றாவதுதான் முத்தாய்ப்பு. "கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள்" என்று சொல்லி, மணிக்கட்டை அழுத்துகின்றனர். ஆள் தள்ளாடுகிறார். தாங்கியின்மேல் ஏற்றி நிறுத்தி மறுபடி அழுத்துகின்றனர். ஆள் அசையவில்லை! 1964-இல் டெட்ராய்ட் நகரத்துக் கைரோபிராக்டர் ஜார்ஜ் குட்ஹார்ட் என்பவர் புகுத்திய தசைச் சோதனையின் வாரிசு இது. உடலிலிருந்து வெளிப்புறமாகச் சற்றே சாய்த்து அழுத்தினால் எவரும் தள்ளாடுவர். உட்புறமாக அழுத்தினால் எவரும் நிற்பர். இரண்டாம் முறை அழுத்தப்படும்போது, என்ன வரப்போகிறது என்பது உடலுக்கும் தெரிந்துவிடுகிறது. வலிமை தருவதாகச் சொல்லி ரப்பர்க் கைவளையம் விற்ற நிறுவனம் ஒன்று இதே வித்தையைக் காட்டித்தான் உலகெங்கும் வணிகம் நடத்தியது. 2010-இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் குறுக்கிட்டபின், அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அழுத்தும் கை திசை மாறுவதை அழுத்துபவரே அறியாமலிருக்கலாம். தாங்கி பயன் தரும் என்று அவர் நம்புகிறார். நம்பிக்கை அவர் கையை நடத்துகிறது. தன் கை செய்த வேலையைத் தன் கண்ணாலேயே கண்டு, தானே வியந்து, முன்னிலும் உறுதியாக நம்பி, அடுத்தவரை அழைக்கிறார்!

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? குதிகால் வலிக்காரர் 135 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூன்று பிரிவாக்கினர்: ஒரு சாராருக்கு ஒப்புக்கு ஒரு மெல்லிய அட்டை, ஒரு சாராருக்குக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தாங்கி, மற்றொரு சாராருக்கு அளவெடுத்துச் செய்த தாங்கி. 2006-இல் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதத்தில் தாங்கிகளால் சிறு நன்மை தெரிந்தது. ஆயத்தத் தாங்கியைவிட அளவெடுத்தது மேலானதாக இல்லை. ஓராண்டு கழிந்தபோது மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை! முதுகுவலி வராமல் தடுக்குமா என்பதைக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2007-இல் அலசி, தடுக்காது என்றுரைத்தது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்போர்ப் படை ஆகிய மூன்றிலும் பாதத்தின் வளைவைப் பார்த்துப் பார்த்துக் காலணி கொடுத்துச் சோதித்தனர், காயங்கள் குறையவில்லை.

எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது குழந்தைகளின் கதை. பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் பாதம் தட்டையே. வளர வளர வளைவு தானே உருவாகும். இதை அறியாத தாயிடம், "தட்டைப் பாதம், கவனிக்காவிட்டால் பின்னால் துன்பம்" என்றால் அவள் நகையை விற்றாவது வாங்குவாள். 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கி, மூன்று பிரிவினருக்குத் திருத்தக் காலணியும் தாங்கியும் கொடுத்து, ஒரு பிரிவினரைச் சும்மா விட்டு, மூன்றாண்டு பார்த்தனர் அமெரிக்க மருத்துவர்கள். 1989-இல் வெளிவந்த முடிவு: எல்லாப் பிள்ளைகளின் பாதமும் சீரடைந்தன, சும்மா விடப்பட்ட பிள்ளைகளின் பாதமும்! இயற்கை செய்த வேலைக்கு இத்தனை காலம் கூலி வாங்கியவர் யாரோ.

"வலி போயிற்றே, வேறென்ன வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. போன வலி எதனால் போயிற்று? பெரும்பாலான முதுகுவலி, பொறுத்திருந்தாலே சில வாரங்களில் தணிகிறது. தணிந்த வேளையில் காலடியில் எது இருந்ததோ அதற்குப் புகழ் போகிறது. தாயத்துக்குக் காய்ச்சல் தணிந்ததும் இப்படித்தானே! தாயத்தைக் கண்டு நகைக்கும் நம் இளைஞர், கணினித் திரையைக் கண்டதும் கைகட்டி நின்றுவிடுவதுதான் நமக்கு விளங்கவில்லை.

மீண்டும் வழக்குக்கு வருவோம். "நம்பித்தான் விற்றேன்" என்பது விடுதலைக்குப் போதுமா? ஆங்கில அறிஞர் கிளிஃபோர்டு 1877-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, செப்பனிடப் பணம் செலவாகும். எத்தனையோ முறை போய்வந்த கப்பல்தானே என்று மனத்தைத் தேற்றி, உளமார நம்பியே பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பியது உண்மை. நம்புவதற்கு உரிமைதான் இல்லை, சோதிக்க வேண்டியதைச் சோதிக்காததால். பாதத்தாங்கியால் யாரும் மூழ்குவதில்லை, உண்மைதான். ஆனால் 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்கச் செருப்புக் கடைகளில் எக்ஸ்-கதிர்ப் பெட்டிகள் இருந்தன. பிள்ளைகள் அதில் காலை விட்டுத் தம் விரலெலும்பைக் கண்டு களித்தனர். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எலும்பு மெய்யாகவே தெரிந்தது. பிள்ளைகளின் உடலில் கதிர் பாய்ந்துகொண்டிருந்தது. 1957-இல் பென்சில்வேனியா மாநிலம் தடை விதித்தது. அந்தக் கடைக்காரர்களும் நம்பியவர்களே.

தாங்கி என்றாலே புரட்டு என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டா. நம் வேலூருக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவர்தம் தோழர்களும் தொழுநோயாளரின் கால் புண்ணை ஆராய்ந்தனர். நோய் சதையைத் தின்கிறது என்றும் பாவத்தின் கூலி என்றும் ஊர் சொல்லிற்று. அவர்கள் கண்டதோ, உணர்ச்சி மரத்த கால், ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தை அறியாமல் நடந்து நடந்து புண்ணாகிறது என்பது. மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்புகள் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பென்று இன்றும் நீரிழிவுக்காரரின் காலைக் காத்துவருவது அதுவே. இன்ன கால், இன்ன கேடு, இன்ன இடத்தில் அழுத்தம் என்று கண்டபின் வந்த செருப்பு அது. வருவோர் காலுக்கெல்லாம் பொருந்தும் நோய் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்ததன்று.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம் தோழர்கள் அந்தத் தட்டின்மீது ஏற நேரிட்டால், ஏறுமுன் ஒன்று கேட்கட்டும்: "ஐயா, இதன்மேல் ஏறியவர்களில், உங்களுக்குத் தாங்கி தேவையில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பியது எத்தனை பேரை?"