வானத்துக் கல்லும் வளவுக் கிணறும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். சரவணையில் எட்டாம் தர விஞ்ஞான வகுப்பு. பாடத்தைத் தொடங்கும் முன்னரே ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

“சேர், 2032இல ஒரு பெரிய கல் வந்து விழப்போகுதாம். எங்கட பக்கமும் விழுமாம். உண்மையோ?”

வீட்டில் யாரோ கைத்தொலைபேசியில் காட்டிய காணொளியில் கடல் கொதித்ததாம், நகரங்கள் எரிந்தனவாம். பிள்ளை இரண்டு இரவு சரியாக உறங்கவில்லை. அவளுடைய அம்மம்மா மட்டும் அசையவில்லை. “சொல்லிப்போட்டு வாறதுக்கு ஏன் பயப்பிடுறாய்? 90இல எங்களுக்கு மேல வந்ததெல்லாம் சொல்லிப்போட்டே வந்தது?” என்று கேட்டாராம்.

தீவுப்பகுதியார் எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. நட்சத்திரம் பார்க்க அல்ல, விமானம் வருகிறதா என்று பார்க்கவே வானத்தை நிமிர்ந்து பார்த்த தலைமுறை அது. இவ்வேட்டின் வாசகர்களுக்கு 90 என்றதும் அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு மணி நேர அவகாசமே நினைவில் எழும். அதை மறந்துவிட்டு அந்த ஆண்டைப் பற்றி நான் பேச முடியாது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். கல் உண்மைதான். 2024 வை.ஆர்.4 என்பது அதன் பெயர். 2024 டிசம்பர் 27இல் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியொன்று அதைக் கண்டது. குறுக்களவு ஏறத்தாழ 60 மீற்றர். 2032 டிசம்பர் 22இல் அது பூமியில் மோதுவதற்கான நிகழ்தகவு 2025 பெப்ரவரி 18இல் 3.1 வீதமாக உயர்ந்தது. விழக்கூடிய பாதையில் தென்னாசியாவும் இருந்தது. பின்னர் ஒரே வாரத்துக்குள் அந்த நிகழ்தகவு ஏறக்குறையப் பூச்சியமாகியது.

அதையும் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் ஆறுதலடைவார்கள் என்று நினைத்திருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: “அப்ப முதல் சொன்னது பொய்தானே சேர்?”

இக்கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கேள்விதான். வராத ஆபத்தை அறிவித்தவன் பொய்யனா?

நான் படகை உதாரணம் காட்டினேன். தூரத்தில் ஒரு படகு தெரிகிறது. நம் கரையில் பத்து இறங்குதுறைகள். எதற்கு வரும் என்று தெரியாது. நம் துறைக்கு வர வாய்ப்பு 10இல் 1. படகு கிட்டவர ஐந்து துறைகள் கழிந்துபோகின்றன. மிஞ்சிய ஐந்தில் நம்முடையதும் ஒன்று. வாய்ப்பு 5இல் 1 ஆகிறது. படகு தன் வழியிலேயே வருகிறது. நம் பார்வைதான் தெளிந்தது. இன்னும் கிட்டவந்தால் அது பக்கத்துத் துறைக்குரியது என்பது தெரிகிறது. நம் வாய்ப்பு பூச்சியம். பார்த்துக்கொண்டிருந்தவன் எந்தக் கட்டத்திலும் பொய் சொல்லவில்லை. விடாமல் பார்த்தான், கண்டதைச் சொன்னான். அவ்வளவே.

இதுபோன்ற எண்ணொன்று 2004 டிசம்பரிலும் வெளிவந்தது. அபோபிஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட, 300 மீற்றருக்கு மேற்பட்ட சிறுகோள் 2029 ஏப்ரல் 13இல் பூமியில் மோதுவதற்கான நிகழ்தகவு 2.7 வீதம் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்பு வெளியான நாள் டிசம்பர் 27. பழைய படங்களைத் தேடியெடுத்து, 2029இல் மோதாது என்று அன்றே உறுதியும் செய்தார்கள். அதற்கு முதல்நாள் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணியளவில் சுமாத்திராவில் பூமி அதிர்ந்தது. நமது கிழக்குக் கரைக்கு அலை வந்துசேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பசுபிக் பகுதி எச்சரிக்கை நிலையம் சில நிமிடங்களிலேயே அதிர்வை அறிந்திருந்தது. ஆனால் இந்து சமுத்திரக் கரைகளுக்கு அச்செய்தியைக் கொண்டுசேர்க்க ஓர் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 25 ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு நாளைக் கணிக்கத் தெரிந்த மனித குலத்துக்கு, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சொல்லைக் கல்முனைக்குக் கொண்டுபோக முடியவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் படித்த சாய்ந்தமருது நண்பர் தம் உம்மாவையும் தங்கையையும் அன்று இழந்தவர். ஓர் இரவு விடுதியில் சொன்னார்: “கடலோட எனக்குக் கோவமில்ல மச்சான். அது கடல். ஆருக்கோ தெரிஞ்சிருந்திச்சே, அதுதான் மனசில நிக்கிது. அறிவும் ஒரு அமானிதம்தான். ஆருக்கு உரியதோ அவங்கட கையில ஒப்படைக்கணும்.”

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரும் அதிர்வு. இம்முறை எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளூருக்கு ஓடினார்கள். பேரலை வரவில்லை. அன்று அந்த நண்பருடன் தொலைபேசியில் பேசினேன். வீண் ஓட்டம் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்வாங்கு மாணவனுக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் அதுவே. வராமற்போன ஆபத்துக்காக ஓடியவன் ஏமாந்தவனல்லன். அவனுக்குரிய அமானிதம் அவன் கையில் சேர்ந்தது.

அப்படியானால் காணொளி செய்தவரும் அறிந்ததைத்தானே சொன்னார்? இல்லை. அவர் பயத்தை மட்டும் கொடுத்தார்; அளவைக் கொடுக்கவில்லை, செய்யவேண்டியது எதையும் கொடுக்கவில்லை. அத்தகைய பயத்தில் ஒரு வசதி உண்டு. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. வானத்துக் கல்லுக்கு அஞ்சிக்கொண்டே காலடியில் இருப்பதை மறந்திருக்கலாம்.

இதை நான் பிறருக்குச் சொல்லத் தகுதியானவனா என்பது அடுத்த நாள் தெரிந்தது. “எங்கட ஊரில எதுக்குப் பயப்பிட வேணும்? எழுதிக்கொண்டு வாங்கோ” என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். முதலில் கேள்வி கேட்ட அதே மாணவியின் தாளில் முதல் வரி: “பள்ளிக்கூட ஒழுங்கையில் பாழ்வளவுக் கிணறு.”

இடம்பெயர்ந்து போனவர்களின் வளவு அது. உரித்தாளர்கள் வெளிநாட்டில். கிணற்றின் கட்டு இடிந்து, வாயைப் பற்றை மூடிக் கிடக்கிறது. ஒரு மாரியில் ஆட்டுக்குட்டியொன்று அதில் விழுந்து செத்ததை நான் அறிவேன். அதன்பின் மூன்று ஆண்டுகள் நாளாந்தம் அவ்வழியே சைக்கிளில் போய் வந்திருக்கிறேன். ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. பல கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கல்லின் நிகழ்தகவைத் தசமதானத்தோடு சொல்லத் தெரிந்த எனக்கு, நூறு அடியில் இருந்த கிணற்றைச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது சொல்லுவார்கள் என்று இருந்துவிட்டேன். அன்று எச்சரிக்கை சேராத கரைகளைப் பற்றிப் பேச எனக்கிருந்த உரிமை அந்தத் தாளைக் கண்டதும் குறைந்துபோனது.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் சிலர் வந்தார்கள். பற்றையை வெட்டி, பனங்குற்றிகளை வாய்க்குக் குறுக்கே அடுக்கி, சுற்றிவர முள்வேலி அடைத்தோம். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

அபோபிஸ் 2029இல் ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் உயரத்தில் நம்மைக் கடந்துபோகும். நமது நேரப்படி அது ஏப்ரல் 14 அதிகாலை, சித்திரைப் புத்தாண்டு விடியுமுன். குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்று 2021இல் உறுதிசெய்துவிட்டார்கள். அன்று அம்மம்மாவையும் எழுப்பிவிடப் போவதாக அந்த மாணவி சொல்கிறாள். அவருடைய தலைக்கு மேலால், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒன்றும் செய்யாமல் போகப்போகும் முதலாவது பொருள் அதுவாக இருக்கக்கூடும்.